ஐம்பத்தொன்பதுக்கு அப்புறம்

இருபத்தொன்று, இருபத்திரண்டு. இனிமேல்தான் கால் நீளும். இருபத்தைந்தைத் தாண்டினால் இரண்டு பாதமும் புங்க மரத்தின் அந்த வளைந்த கிளைக்கு நேராகப் போய் ஒரு கணம் நிற்கும், அப்போது அவன் முகத்தில் ஒன்று வரும், சிரிப்பென்று சொல்ல முடியாது, பசியோடு உட்கார்ந்தவன் இலையில் சோறு விழுந்ததும் ஒரு முகம் காட்டுவானே, அது. பிறகு திரும்பி வருவான், ஊஞ்சல் சங்கிலி கீச்சென்று கத்தும். நிதினுக்குப் பதினேழு வயது, அறுபத்தெட்டு கிலோ, மேலுதட்டில் மீசை. காலையில் நான்தான் தாடியை மழித்துவிட்டேன், தாடையில் ஒரு கீறல், அவசரம், எனக்கு எதிலும் அவசரம். மணி நாலே கால். இந்த வெயிலில் பெற்ற பிள்ளையை எவளும் இங்கே அழைத்து வர மாட்டாள், அதனால்தான் எங்களுக்கு இந்த நேரம். நாலு முதல் ஐந்து வரை ஷோபா மேடத்தின் மகனுக்கு என்று குடியிருப்போர் சங்கம் ஏழு வருஷத்துக்கு முன்னால் தீர்மானம் போட்டது. பெரிய மனசு. சறுக்கு மரத்தின் தகட்டில் இப்போது தோசை வார்க்கலாம். கட்டடம் கட்டும்போது ஒரு வாஸ்துக்காரர் வந்து, ஈசானிய மூலை காலியாக இருக்கட்டும், கனமான சாமான் எல்லாம் கன்னி மூலைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம், அதனால் நிழலும் காற்றும் இருக்கிற வடகிழக்கில் ஒருவரும் மிதிக்காத புல்வெளி, பிள்ளைகள் விளையாடுகிற இடம் தென்மேற்கில், மேற்கு வெயில் நேராக முகத்தில், பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி. படித்தவர்கள் நூற்றுப்பன்னிரண்டு வீட்டில் இருக்கிறோம். சங்கிலி கையைச் சுடுகிறது என்று என் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து, அவன் பிடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டினேன், ஊதாவில் வெள்ளைப் புள்ளி, இப்போது ஊதாவும் இல்லை வெள்ளையும் இல்லை, அவன் உள்ளங்கையின் நிறம். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. வாய் ஓயாது எண்ணுவான், ஓர் ஆட்டத்துக்கு ஓர் எண். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, முப்பது. அதோ, திரும்பிவிட்டான். ஐம்பத்தொன்பதோடு அவனுக்குப் பாதை முடிந்துவிடும், அதற்கு அடுத்தது தலையில் நிற்கவே நிற்காது, எத்தனை வருஷம், எத்தனை டீச்சர், எத்தனை மணிச் சட்டம், நிற்காது. நான் கீழேயிருந்து 'அறுபது' என்று சொன்னால்தான் தாண்டுவான். தாண்டிவிட்டால் நூறு வரைக்கும் ரயில் மாதிரி ஓடுவான், நூறில் காலை ஊன்றி இறங்கிவிடுவான், அழுகை கிடையாது, அடம் கிடையாது. ஐந்தடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது நான் அறுபது சொல்வேன். அதுவரைக்கும் முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது, முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது, செக்கு மாடு மாதிரி அவன் மேலே, நான் கீழே.

நாளைக்குப் பத்து மணிக்கு லாரி வருகிறது, பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு இறக்க. இவனுக்குத் தெரியாது. இவனிடம் எப்படிச் சொல்வது, நாளை என்றால் இவனுக்கு இன்றைக்கு மாதிரி இன்னொன்று, அவ்வளவுதான். யானைத் தும்பிக்கை சறுக்கு, ஸ்பிரிங்கில் ஆடுகிற வாத்து, காளான் மாதிரி ஒரு வீடு, தொட்டி ஊஞ்சல் இரண்டு. தொட்டி ஊஞ்சலில் காலை விடுவதற்கு இரண்டு ஓட்டை, இரண்டு வயதுக் குழந்தையின் தொடைதான் அதில் நுழையும், என் முழங்கை நுழைந்தால் அதிகம். எல்லாம் சிவப்பு, மஞ்சள், நீலம், மிட்டாய் மாதிரி. வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் சபேசன் படம் போட்டதும் ஒரே கட்டைவிரல் மழை, கைதட்டல், இதயம். நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கினேன். தூக்காமல் இருந்தால் ஐயோ பாவம் அவங்க பையன் என்று தனித்தனியாகப் பேசிக்கொள்வார்கள், அந்த ஐயோ பாவத்தை விடக் கட்டைவிரல் மேல் என்று நினைத்தேன். அப்புறம் சபேசனை மாடிப்படியில் பிடித்து, "பழைய ஊஞ்சல் ஒண்ணை மட்டும் ஓரமா விட்டுடலாமே" என்றேன். இதை ஒரு வேண்டுகோளாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது, அதட்டலாகத்தான் வரும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கெட்ட செய்திக்கு முன்னால் அப்படித்தான் துடைப்பார். "கொக்கி தேஞ்சிருக்கு மேடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் உங்க பையனோட நன்மைக்குத்தான் சொல்றேன்." என் பையனின் நன்மையைப் பற்றிப் பேசாத வாய் இந்தக் கட்டடத்தில் இல்லை. அதே மூச்சில், "அப்புறம் மேடம், புது போர்டு வாசகம் அனுப்பியிருக்கேன், உங்க இங்கிலீஷுக்கு முன்னாடி நாங்கள்லாம் எம்மாத்திரம், ஒரு பார்வை பாத்துக் குடுத்துடுங்க" என்றார். பார்த்தேன். இரண்டு முதல் எட்டு வயது வரை மட்டும் என்று எழுதியிருந்தார், எக்யூப்மென்ட்ஸ் என்று ஒரு 'ஸ்' சேர்த்திருந்தார். அந்த 'ஸ்'ஸை எடுத்தேன். ஒரு கமாவை நகர்த்தினேன். திருப்பி அனுப்பினேன். என் மகனை வெளியே நிறுத்துகிற பலகையில் தப்பு இருக்கக் கூடாது என்று எனக்கு எத்தனை அக்கறை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, வேகமாகப் போகாதே நிதின், மெதுவா, "மெதுவாடா" என்றேன், காதில் விழாது, மேலே இருக்கும்போது அவன் யாருக்கும் மகன் இல்லை.

இதோ கம்பிக் கதவில் தொங்குகிற பழைய பலகை, அதுவும் என் கைவேலைதான், துரு தின்றது போக மிச்சம் படிக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்டோர் கண்டிப்பாக ஏறக் கூடாது. கண்டிப்பாக என்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் அழகான வார்த்தை போட்டேன், கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டாவின் வாயில் அடிக்கடி வரும், ஓட்டையில்லாமல் எழுது குழந்தாய், தப்பித்துப் போக ஒரு சந்து கூட விடாதே என்பார். விடவில்லை சிஸ்டர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கமிட்டியில் இருந்தேன், இவனுக்கு ஒன்றரை வயது, நடக்கத் தாமதம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம், வேறு பெயர் எதுவும் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. வீல் வீலென்று கத்துவான், மடியில் போட்டுக்கொண்டு இந்த ஊஞ்சலில் உட்கார்ந்தால்தான் அடங்குவான். எப்போது வந்தாலும் ஊஞ்சலில் அமுதா இருப்பாள். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற செங்கேணியின் பெண், பன்னிரண்டு வயது, நெடுநெடுவென்று, பள்ளிக்கூடம் விட்டதும் பையை மரத்தடியில் போட்டுவிட்டு ஏறிவிடுவாள், நின்றுகொண்டே ஆடுவாள். இறங்கு என்றால் இறங்குவாள், மறுநாள் திரும்ப வருவாள். கமிட்டியில் ஒருவர், குடியிருப்போர் பிள்ளைகள் மட்டும்னு எழுதிப் போட்டுடுவோம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். நன்றாக இருக்காது, மனசு புண்படும், நாகரிகமாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது என்றேன். வயசைப் போடுங்கள், பத்துக்கு மேல் கூடாது என்றால் யாரையும் குறிப்பாகச் சொன்ன மாதிரி இருக்காது. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாரல் சயின்ஸில் முதல் பரிசு வாங்கின அன்றைக்கு அப்படிப் பார்த்தார்கள். பலகையை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினேன், தமிழில் எதற்கு, தமிழ் அப்போதெல்லாம் எனக்குக் கழுத்தில் தொங்குகிற அட்டை, வகுப்பில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டால் நான் தமிழ் பேசினேன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி நாள் முழுக்க நிற்க வைப்பார்கள், அந்தக் கயிறு பிடரியில் அறுக்கும். பலகை மாட்டின அன்று சாயங்காலம் அமுதா அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இதுல என்ன போட்டிருக்கு?" "பத்து வயசுக்கு மேல ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு." "எனக்குப் பன்னெண்டு" என்றாள், ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. அப்புறம், "யாரு ஆன்ட்டி எழுதினது?" என்றாள். "சங்கம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அழவில்லை, முறைக்கவில்லை, அவ்வளவு சுலபமாக ஒரு வாக்கியம் வேலை செய்யும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவனை மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன். இந்தக் குழந்தைக்காகத்தானே என்று நினைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது, இந்தக் குழந்தைக்காக. செங்கேணி இன்றைக்கும் துணி கொண்டுவந்து கொடுக்கிறாள், இவன் கன்னத்தைத் தட்டி "என்னா துரை, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஐம்பத்தொன்பது, முப்பது. எத்தனையாவது சுற்று, எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். மணி நாலே முக்கால். கம்பிக் கதவுக்கு வெளியே ப்ரீத்தா வந்தாயிற்று, இரண்டாவது மாடி, நாலு வயதுப் பெண்ணோடு, குழந்தைக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டில், வெயில் களிம்பு, ஏதோ பாலைவனத்தைக் கடக்கப் போகிற மாதிரி. "பரவால்ல ஷோபா ஆன்ட்டி, நாங்க வெயிட் பண்றோம், அவன் ஆடட்டும்" என்றாள். காத்திருக்கிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு காத்திருக்கிறவளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. "இன்னும் கால் மணி இருக்கும்மா, இந்த வெயில்ல குழந்தை கறுத்துடப் போறா, உள்ளே போய் ஏசியில உக்காந்துட்டு வாயேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். போன மாசம் குழுவில், சின்னப் பெண் குழந்தைகள் இருக்கும் இடம், பெரிய பையன், தப்பாக நினைக்க வேண்டாம் என்று எழுதியவள் இவள்தான், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் சரியாக எதையும் சொன்னதில்லை. குழந்தை கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அந்த அண்ணா ஏன் முப்பதுக்குப் போறாங்க?" என்று கேட்கிறது. "ஷ்ஷ்" என்கிறாள் அவள். அந்த ஷ்ஷ் இருக்கிறதே, அதைத்தான் பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கல்யாணத்தில், பஸ்ஸில், கோயில் வரிசையில், டாக்டர் வாசலில் கூட. குழந்தை கேட்டதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் முப்பதுக்குப் போகிறான். வாட்ச்மேன் துரைக்கண்ணு ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்கிறான். சங்கிலி கத்துகிறது என்று இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கொக்கியில் எண்ணெய் விடுகிறவன் அவன், யார் சொல்லியும் இல்லை, அதற்காக ஒரு நாளாவது நான் நன்றி சொன்னேனா என்றால் இல்லை, தூங்குமூஞ்சி என்றுதான் சொல்லியிருக்கிறேன், அவன் காதுபடவே.

வீட்டுக்குள்ளேயே ஓர் ஊஞ்சல் மாட்டலாமே என்று யோசனை சொன்னவர்கள் எத்தனை பேர். மாட்டினோம். என் கணவர் தயாளன் காரைக்குடியிலிருந்து தேக்குப் பலகை வரவழைத்தார், பித்தளைச் சங்கிலி, ஹாலில் நடுநாயகமாகத் தொங்குகிறது, துவைத்த துணி மடித்து வைக்க வசதி. இவன் ஒரு தரம் உட்கார்ந்தான், இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் சுவர், எழுந்து போய்விட்டான். காலுக்கு முன்னால் வானம் வேண்டும் இவனுக்கு. அடுத்த தெருவில் மாநகராட்சிப் பூங்கா இருக்கிறதே என்றார்கள். போனோம். மூன்று பையன்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், ஒருவன் கூடவே எண்ணினான், ஐம்பத்தொன்பது வந்ததும் முப்பது என்று அவனே கத்திவிட்டுச் சிரித்தான். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை, என் வாயிலிருந்து வந்த தமிழை சிஸ்டர் பெனடிக்டா கேட்டிருந்தால் பத்து அட்டை மாட்டியிருப்பார். ஆடாத நாளில் என்ன ஆகும் என்று இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரரைத் தவிர. வெள்ளத்தின்போது நாலு நாள் கீழே இறங்க முடியவில்லை. நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தான், எண்ணிக்கொண்டே இடித்தான், ஐம்பத்தொன்பது, முப்பது. தலையணையை இடையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், என் கை வீங்கியது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சுவத்துல ஆணி அடிக்கிறீங்களா மேடம், மத்தியானத்துல வேணாமே" என்றார். ஆமாம் சார், ஆணிதான், இதோ முடிந்துவிட்டது என்றேன். நாளையிலிருந்து அந்த ஆணி. தயாளனிடம் சொன்னால், "விட்டுக்கொடுத்துப் போ ஷோபா, எத்தனை பேரோடதான் சண்டை போடுவே" என்பார், சொல்லிவிட்டு இவன் தலையைத் தடவுவார், ஆபீஸ் பையை எடுத்துக்கொள்வார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு எல்லாம் ஒன்பதரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. எனக்கு ஐம்பத்தொன்று, சர்க்கரை இருக்கிறது, அம்மா அறுபத்து மூன்றில் போனாள். இன்னும் பன்னிரண்டு வருஷம் என்று வைத்துக்கொள், இவனுக்கு அப்போது இருபத்தொன்பது, நரை கூட விழுந்திருக்காது, எங்கோ ஒரு ஹாலில், எவனோ ஒருவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற ஹாலில், இவன் ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது என்று வந்து நிற்பான், யார் சொல்வார்கள் அறுபது? ஒரே ஒரு சொல். அதை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட முடியுமா? பயம் என்றால் எனக்கு இதுதான், மற்றதெல்லாம் வெறும் எரிச்சல்.

நாலு ஐம்பத்தேழு. சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. தொண்டைக்குள் சொல் தயாராக நிற்கிறது, ஏழு வருஷமாக இதே நிமிஷத்தில் வந்து நின்று பழகிய சொல். ஐம்பத்தெட்டு. பாதம் கிளைக்கு நேராக. ஐம்பத்தொன்பது. நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பது என்றான். கதவுக்கு வெளியே இன்னும் இரண்டு பேர் குழந்தைகளோடு வந்துவிட்டார்கள், முதுகு அதைச் சொல்கிறது, நான் திரும்பவில்லை. ஒரு சுற்று. இன்றைக்கு ஒரு சுற்று கூட ஆடினால் வானம் இடிந்து விழாது. சபேசனின் செருப்புச் சத்தம், கைக்கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம் கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது. "மேடம், அஞ்சு மூணு." "தெரியும்." "குழந்தைங்கள்லாம் நிக்கிறாங்க." "நிக்கட்டும், காலுக்கு நல்லது." ஐம்பத்தொன்பது, முப்பது. நான் சொல்லாவிட்டால் இவன் இறங்க மாட்டான், யார் பிடித்து இழுத்தாலும் இறங்க மாட்டான், அறுபத்தெட்டு கிலோ, இறக்கிப் பாருங்கள். இருட்டும் வரைக்கும் ஆடட்டும், நாளை லாரி வந்து நிற்கும் வரைக்கும் ஆடட்டும், இவன் காலுக்கடியில் கொண்டுவந்து இறக்குங்கள் உங்கள் வாத்தையும் யானையையும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன், யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டபோது, எவ்வளவு இனிப்பாக இருந்தது அது. நாற்பத்திரண்டு. ப்ரீத்தாவின் பெண் கூடவே எண்ணுகிறது. "துரைக்கண்ணு, என்னப்பா வேடிக்கை பாத்துட்டு நிக்கிறே" என்றார் சபேசன். கதவு திறக்கிற சத்தம். ஐம்பத்து மூன்று. வந்து தொடட்டும், தொட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கட்டும். ஐம்பத்தாறு. துரைக்கண்ணு தொடவில்லை. மரத்தடியில் எனக்கு இரண்டு எட்டு பின்னால் நின்றுகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"அறுபது, தம்பி" என்றான்.

அறுபத்தொன்று என்றான் நிதின், மேலேயிருந்து, ஒரு தயக்கமும் இல்லாமல். என் குரலா வேறு குரலா என்று கூடப் பார்க்கவில்லை. அறுபத்திரண்டு. நான் திரும்பித் துரைக்கண்ணுவைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை, ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான், தூங்குமூஞ்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம். சபேசனுக்குப் பயந்து சொன்னானா, இவன் மேல் இருக்கிற பிரியத்தில் சொன்னானா, இரண்டும் ஒரே குரலில்தான் வந்தது. யார் சொல்வார்கள் என்று கிடந்து உருகினாயே, கேட்டுக்கொள். இவனை இறக்கிவிட வேண்டும் என்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ரயில் ஓடுகிறது. இதைத் திருப்பி முப்பதுக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு சொல் தெரியாது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. காலை ஊன்றினான், மண் கிளம்பியது, ஊஞ்சல் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டான், இடது வலது மாற்றி, நான் சரிசெய்யவில்லை. சுங்குடித் துணியை ஒரு தரம் தடவிவிட்டு, தினமும் கேட்பதைக் கேட்டான். "நாளைக்கு?" என் பதில் இல்லாமல் நகர மாட்டான். துரைக்கண்ணு வாயைத் திறப்பது தெரிந்தது. அதையும் அவனே சொல்லிவிடக் கூடாது என்று நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கு" என்றேன்.